வள்ளி ஆர்ட்ஸ், மாடியில்

ராபர்ட்சன்பேட்டையில் வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிரிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, மேடம். பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நோட்டீஸ் வந்துவிட்டதே என்று வேர்த்து விறுவிறுத்து என் மாடிப்படி ஏறுகிற ஆள், இறங்கும்போது டீ குடித்துவிட்டு யாரையாவது கிண்டல் செய்துகொண்டேதான் இறங்குவார்.

நீங்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றீர்கள். பேனாவும் நல்ல பேனா. போலீசுக்கு எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது, எதற்கு வீண் வேலை என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் சார்பில்தான் எழுதியிருக்கிறேன். எனக்காக எழுத ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது, அதை ஏன் விடவேண்டும்?

என் பெயர் சம்பங்கி. கீழே அண்ணன் சிவராஜின் பாத்திரக்கடை, மேலே என் அறை. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று யாரும் அழுததும் இல்லை.

எங்கள் தொழிலில் இந்த ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் போடும்போது வாடிக்கையாளரின் மொபைல் நம்பர், ஈமெயில் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் எங்களுடையதையே போட்டுவிடுவோம். தப்புதான். ஆனால் காரணம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் பகலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது அவர்கள் எங்கோ ஒரு கம்பெனியில் போனை லாக்கரில் பூட்டிவிட்டு ஷிப்டில் இருப்பார்கள். ஓடிபியோ பத்து நிமிஷத்தில் காலாவதியாகிவிடும். யாரைத் தேடிப் பிடித்து நம்பர் கேட்பது? "உங்க நம்பரையே போட்டுக்கோங்கண்ணா, நீங்க இன்னா ஓடியா போயிடப் போறீங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் எங்கும் ஓடவில்லை. அத்தனை பேரின் கணக்குக் கதவும் என் சட்டைப்பையில் இருந்த போனில்தான் திறந்தது, அத்தனை வருஷத்தில் ஒருவர் பைசாவைக்கூட நான் தொட்டதில்லை.

இனி வள்ளி. இதே ஊர்ப் பக்கம் பாலகாட்டில், மூடிப்போன தங்கச் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸில் இருப்பவள். அப்பா முனிரத்தினம், மைன்ஸ் மூடியபோது வேலை போய் வீட்டோடு இருப்பவர். வீட்டில் சம்பாதிப்பவள் வள்ளி ஒருத்திதான், பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. ரயிலில் போக வர டேப்லெட்டில் படம் வரைவாள். இயற்கைக் காட்சி, மயில், பிள்ளையார் எல்லாம் கிடையாது. தூங்குகிறவர்களை வரைவாள். அந்த ரயிலில் எல்லோரும்தான் தூங்குகிறார்களே. மடியில் டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு வாய் திறந்து தூங்கும் ரத்தினம்மா, ஜன்னல் கம்பியில் கன்னத்தைக் கொடுத்து அதன் கோடு விழுந்துபோன பையன், முன்பின் தெரியாத இருவர் ஒருவர் தோளில் ஒருவர். பார்த்தால் சிரிப்பு வரும். இன்னும் கொஞ்சம் பார்த்தால் அந்த ஆளைத் தட்டி எழுப்பி, இன்றைக்கு லீவு போடப்பா என்று சொல்லத் தோன்றும்.

ஆன்லைனில் ஒரு கடை திறந்திருந்தாள். படத்தை வாங்குகிறவர்கள் டவுன்லோடு செய்து வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். புத்தகத்துக்கோ பத்திரிகைக்கோ வேண்டுமென்றால் தனியாக லைசன்ஸ் வாங்கவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வாங்க ஆரம்பித்ததும் பயந்துபோய் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, படம் விக்கறதுக்கு டாக்ஸ் உண்டா? லைசன்ஸ் எதனா எடுக்கணுமா? எனக்கு இன்னா ஏதுன்னே தெரியல. நாளைக்கு வூட்டாண்ட எவனும் வந்து நிக்கக்கூடாது, அப்பா தாங்கமாட்டாரு."

உண்மையான பதில் ஒரே நிமிஷம்தான். அவள் விற்கிற அளவுக்கு ஜிஎஸ்டி தேவையே இல்லை. இருபது லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. அவள் அதன் நிழலுக்குக்கூடப் போகவில்லை. வந்த வருமானத்தைக் காட்டி வருமான வரி கட்டினால் போதும். படம் வரைந்து விற்க லைசன்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. வரைந்தவள்தான் சொந்தக்காரி, அவள்தான் பிறருக்கு லைசன்ஸ் கொடுக்கவேண்டியவள்.

"எல்லாமே வேணும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். மளிகைக்கடை, ஹார்டுவேர் கடை, என் அண்ணனின் குக்கரும் குண்டானும் என்றே காலம் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஓவியக்காரி என் மாடிப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால் மறுபடி எதற்கு ஏறுவாள்? தப்பாக நினைக்காதீர்கள், அந்த மாதிரி எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் என் தங்கை மாதிரி.

ரிஜிஸ்ட்ரேஷனுக்குத் தொழில் நடக்கும் இடம் ஒன்று காட்டவேண்டும். அவள் வீடோ கம்பெனி குவார்ட்டர்ஸ், பட்டா கிடையாது. பட்டா என்று சொன்னாலே குவார்ட்டர்ஸ்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், மேடம். கிளறினால் வீட்டையே காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று தலைமுறையாக ஒரு பயம். கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் கரண்ட் பில்லை வைத்தே முடித்திருக்கலாம். நான் மெனக்கெடவில்லை. "குவார்ட்டர்ஸ் அட்ரஸ் ஆகாதும்மா, என் மாடியவே காட்டிக்கலாம்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை வரும்போது பேத்தமங்களா சந்தையிலிருந்து ஒரு பை நிறையத் தக்காளி வாங்கிவந்து கொடுத்தாள்.

அப்புறம் போர்டு. 'வள்ளி ஆர்ட்ஸ், மாடியில்' என்று நீலத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு, அண்ணனின் இட்லிப் பானைகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன். தினமும் காலையில் துடைப்பேன். என் பெயர்ப் பலகையை நான் துடைத்ததே இல்லை.

இன்னொரு விளையாட்டும் பண்ணினேன். முகம் வரைந்தால் அந்த முகத்துக்காரரிடம் எழுதி வாங்கவேண்டும் என்று சொல்லிவைத்தேன். பாவம், நிஜமாகவே ரயிலில் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள். கோச்சே திருவிழா ஆகிவிட்டதாம். ரத்தினம்மா தன் படத்தைப் பார்த்து, "அடிப்பாவி, என் வாய் இம்மாம் பெரிசாவா கீது? போவட்டும், அமெரிக்காக்காரன் ஊட்டுல நான் தூங்கினு இருந்தா எனக்கென்ன, அங்கயாவது யாரும் எழுப்பமாட்டாங்க இல்ல" என்றாராம். வள்ளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நாட்கள் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அவளுடைய ஆன்லைன் கடையின் ஈமெயில், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் என்னிடம் வந்தாயிற்று. வாங்குகிறவர்கள் கடிதம் எழுதுவார்கள். அவளுக்கு எங்கே நேரம்? நான் பதில் எழுதினேன், அவள் பெயரில். முதலில் 'நன்றி' என்று ஒரு வரி. போகப்போக இன்றைக்கு ரயிலில் இன்னின்னார் தூங்கினார்கள், மழையில் ஜன்னல் மூடவில்லை, பக்கத்துச் சீட்டுக்காரர் தூக்கத்தில் என் டேப்லெட்டைத் தலையணையாக எடுத்துக்கொண்டார் என்று கைக்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டேன். நான் அந்த ரயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறினால் பெரிது. ஆனால் படிப்பவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. 'வள்ளி, உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று எழுதினார்கள். உடம்பு சரியில்லாதவர்கள் எழுதினார்கள், பிள்ளைகளோடு சண்டை போட்டவர்கள் எழுதினார்கள். எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். சம்பங்கிக்கு யார் அப்படி எழுதுவார்கள்? சம்பங்கிக்கு வருவதெல்லாம் 'கடைசி தேதி எப்போ சார்' என்பதுதான்.

அவர்களில் ஒருவர் எலைன். வெளிநாட்டில் படப்புத்தகம் போடுகிற பதிப்பாளர், தங்கமான அம்மாள். தூங்குகிறவர்கள் படங்களை மொத்தமாகப் புத்தகமாக்க வேண்டும், அதற்கு லைசன்ஸ் வேண்டும், கையெழுத்துப் போடும் முன் வீடியோ காலில் ஒரு தடவை முகம் பார்த்துப் பேசவேண்டும், புத்தகம் வெளியாகும்போது வள்ளியை அங்கே வரவழைக்கவும் ஆசை என்று எழுதினார். வீடியோ காலில் என்ன செய்வேன்? எனக்கு மீசை இருக்கிறது.

அதே வாரம் வள்ளி வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை, ஆனால் மரியாதை குறையவில்லை.

"அண்ணா, எங்க ஆபீஸ்ல ஜெனிட்டான்னு ஒருத்தி, அவங்க அக்கா ஆடிட்டராம். எனக்கு ஜிஎஸ்டியே தேவையில்லன்னு சொல்றாங்க. லைசன்ஸும் கிடையாதாம். சரி, ஆயித்து, வுடுங்க, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. நம்பரை மட்டும் என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. இனிமே நானே பாத்துக்கறேன்."

"தாராளமா மாத்திடலாம்மா. ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் குடு" என்றேன்.

நம்பர் மாற்ற போட்டோ தேவையில்லை. அது அவளுக்குத் தெரியாது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ்ண்ணா" என்று சொல்லிப் போனாள்.

அன்று சாயங்காலம் எலைன் அம்மாளுக்கு இப்படி எழுதினேன். நான் வள்ளியின் அண்ணன். ஒரு துக்கச் செய்தி. வள்ளி நேற்று ரயிலிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டாள். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, மேடம். அது நடிப்பில்லை. பார்ப்பதற்கு யார் இருந்தார்கள் அங்கே?

போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, விளக்கேற்றி, படம் பிடித்து ஆன்லைன் கடையின் முகப்பில் போட்டேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அது உண்மை. இருந்த வள்ளியின் படங்கள் மெதுவாக விற்றன. இறந்த வள்ளியின் படங்களுக்கு அடித்துக்கொண்டார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இரங்கல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணனாகப் பதில் எழுதினேன். இதில் ஒன்று சொல்லவேண்டும், என் கணக்குக்கு வந்த அந்தப் பணத்தில் ஒரு ரூபாயை நான் செலவழிக்கவில்லை. வரி முழுவதும் கட்டியிருக்கிறேன். செத்தவள் என்பதற்காக ரிட்டர்னை நான் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போட்டதில்லை.

அதற்காகத்தான் மற்றதெல்லாம் செய்யவேண்டி வந்தது. ஆன்லைன் கடையில் இறந்துவிட்டாள், வரி போர்ட்டலில் உயிரோடிருக்கிறாள் என்றால் கணக்கு உதைக்கும். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் நானே கம்ப்யூட்டரில் செய்தேன். ஊரில் எந்த ஆபீஸ்காரரையும் இதில் இழுக்காதீர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. உரிமையாளர் மரணம் என்று காட்டி ஜிஎஸ்டியை ரத்து செய்தேன். வருமான வரியிலும் அவளை இறந்தவள் என்று காட்டி, அவளுடைய வாரிசாக என்னைப் பதிந்துகொண்டேன். கேட்ட ஓடிபி எல்லாம் என் போனுக்குத்தானே வந்தது.

பான் கார்டில் இறந்தவளுக்குச் சம்பளம் போட முடியாது என்று அவள் கம்பெனி நிறுத்திவைத்தது. பேங்க் கணக்கு முடங்கியது. இது நான் எதிர்பாராமல் நடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எந்தக் கம்பியை இழுத்தால் எந்த மணி அடிக்கும் என்று தெரியாதா?

பழைய கடையின் பாஸ்வேர்டை நான் மாற்றிவிட்டதால், அவள் ஆன்லைனில் வேறொரு கடை திறந்து பழைய படங்களைப் போட்டாள். இறந்துபோன என் தங்கையின் படங்களை யாரோ திருடி விற்கிறார்கள் என்று புகார் கொடுத்தேன். மூடிவிட்டார்கள். இன்னொன்று திறந்தாள், அதுவும். புத்தக அறிவிப்பைப் பார்த்துவிட்டு எலைன் அம்மாளுக்குத் தானே எழுதிப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாள் பொங்கிவிட்டார். செத்த பெண்ணின் பெயரைச் சொல்லிப் பிழைக்க வெட்கமாயில்லையா என்று கேட்டு, பதிலை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். நல்ல இங்கிலீஷ். வள்ளிக்காக ஒருவர் அப்படிச் சண்டை போட்டதைப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

புத்தகம் வந்தது. லைசன்ஸில் அண்ணன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அட்டையில் ரத்தினம்மா தூங்குகிறார். உள்ளே முதல் பக்கத்தில் வள்ளி பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை வள்ளி மாடிக்கு வந்தாள். அதுவரை அவளுக்கு யார்மேல் சந்தேகம் வந்ததோ தெரியாது, என்மேல் வரவில்லை. கடையை எவனோ ஹேக் பண்ணிவிட்டான், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் கோளாறு என்று நான் சொன்னதை நம்பி, சரிசெய்யச் சொல்லி என்னிடம்தான் நடந்துகொண்டிருந்தாள். நானும் மனு எழுதிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். அவள் வருவதற்குள் உள்ளறைக் கதவைச் சாத்திவிடுவேன். அன்று சாத்த மறந்துவிட்டேன். கையில் மல்லிகைச் சரத்தோடு நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தேன்.

தன் படத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னா இது?"

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"பூ புதுசா இருக்கே. இப்பத்தான் வாங்கினீங்களா?"

"வாராவாரம் மாத்துவேன்மா. காஞ்ச பூ வைக்கக்கூடாது."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா தினம் காலைல என் மூஞ்சியத் தொட்டுப் பாக்கறாரு" என்றாள். "பேங்குல நான் செத்துட்டேன்னு சொன்னதுல இருந்து அவருக்குப் புத்தி ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேலையும் போச்சு. பரவால்ல, நான் கேஸ் கீஸ் எதுவும் போடல. பணம்கூட நீங்களே வெச்சுக்குங்க. அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கண்ணா. நான் உயிரோட இருக்கேன், அது என் படம்னு. ஒரே ஒரு வரி."

கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது என்னவென்று யோசித்துப் பாருங்கள். இவள் எழுதினால் இரண்டு வரியில் 'தேங்க்ஸ்' என்று எழுதுவாள். இவளுக்கு யாரையும் தேற்றத் தெரியாது. அத்தனை பேர் அழுதார்களே, அவர்கள் அழுதது இவளுக்காகவா? அவர்களுடைய வள்ளியை நான் கொன்றுவிட்டு, அந்த இடத்தில் இவளைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்கிறாள். என்னால் முடியவில்லை.

"எழுதறதுக்கு இல்லம்மா. செத்தவங்க பேர்ல திரும்ப எதுவும் வராது, ரூல் அப்படி" என்றேன். பூவைப் படத்துக்குச் சூட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

அவள் நேராக உங்களிடம் வந்தாள். வந்தது நல்லதுதான். அவளுக்குத் தைரியம் வரவேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தபோது இளைத்திருந்தாள். இப்போது வரைவதில்லையாமே. ஓய்வு கிடைத்திருக்கிறது, உடம்பு தேறட்டும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. ஆம், அவள் உயிரோடிருப்பது தெரிந்தே அவளைச் சாகடித்தேன். அவள் பெயர், படம், சம்பளம், அவளுடைய அப்பாவின் நிம்மதி, எல்லாம் போகும் என்று தெரிந்தே செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், வரி பாக்கி எதுவும் இல்லை.

எலைன் அம்மாளுக்கு உண்மை போய்ச் சேரவேண்டும், வள்ளி இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றீர்கள். சரி, எழுதிவிடலாம், நான் என்ன கல்நெஞ்சக்காரனா? நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் போனை ஒரு ஐந்து நிமிஷம் கொடுங்கள், மேடம். அவளை எழுதச் சொல்லாதீர்கள். வள்ளி எப்படி எழுதுவாள் என்பது எனக்குத்தான் தெரியும்.